துப்பாக்கி உரிமம் முதல் இ-பாஸ் வரை

கைப்பேசியில் இ-பாஸ் எடுத்துக்கொண்டு ஊட்டிக்கு வண்டி ஏற்றுகிறவர்களில் பலர், இது என்ன புதுக் கெடுபிடி என்று சலித்துக்கொள்கிறார்கள். நீலகிரிக்கு இது புதிதல்ல. பொழுதுபோக்குக்காக அந்த மலைக்கு வருகிறவர் சீட்டு வாங்க வேண்டும் என்ற வழக்கம் அங்கே நூற்றாண்டு தாண்டியது. 1879-இல் சென்னை மாகாண அரசு இந்த ஒரு மலைக்காகவே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. அன்று சீட்டு துப்பாக்கிக்கு. 2024 மே 7 முதல் சீட்டு வண்டிக்கு. நடுவில் 145 ஆண்டுகள்.

இந்த இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. 'இதற்கு மேல் கிடையாது' என்று சொல்லும் துணிவு எப்போதெல்லாம் சீட்டுக்கு இருந்ததோ, அப்போதெல்லாம் மலை பிழைத்தது. கேட்டவருக்கெல்லாம் கொடுத்துக் கணக்கு மட்டும் எழுதிவைத்த காலங்களில் மலை தேய்ந்தது.

அன்று: புல்வெளியும் துப்பாக்கியும்

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் கோத்தகிரிப் பக்கம் மலையேறினார். அடுத்த சில பத்தாண்டுகளில் ஊட்டி வெள்ளைக்கார அதிகாரிகளின் கோடை வாசஸ்தலமாகிவிட்டது. கோடையில் வந்தவர்களுக்குக் குளிர் மட்டும் போதவில்லை, வேட்டையும் வேண்டியிருந்தது. சோலைக் காட்டில் கடமான், புல்வெளியில் வரையாடு, கீழே சீகூர்ப் பக்கமும் கூடலூர்ப் பக்கமும் புலி, சிறுத்தை, காட்டுமாடு. ஊட்டியை ஒட்டிய வென்லாக் புல்வெளியில் குதிரைமேல் ஏறி, நாய்க்கூட்டத்தை விட்டு நரியை விரட்டுவது தனிக் கேளிக்கை. தோடர்கள் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்த நிலத்துக்கு, மாகாண கவர்னர் வென்லாக் பிரபுவின் பெயர் நிலைத்துப்போனது.

சில பத்தாண்டுகளிலேயே விலங்குகள் கண்ணுக்குத் தெரியக் குறைந்தன. சுட்டுத்தீர்த்தவர்களே முதலில் பயந்தார்கள். 1877-இல் வேட்டைக்காரர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். இரண்டு ஆண்டில் சட்டம் வந்தது. யானைகளைக் காக்க 1873-லேயே ஒரு தனிச் சட்டம் இயற்றிய மாகாணம்தான் அது. இன்ன மாதங்களில் சுடக்கூடாது, உரிமம் இல்லாமல் சுடக்கூடாது, மீன் பிடிக்க இன்ன விதி என்று ஒவ்வொன்றாக வகுக்கப்பட்டது. சங்கம் உள்ளூர் ஆட்களைக் காவலுக்கு அமர்த்தியது. அவலாஞ்சியில் பண்ணை வைத்து வளர்த்து ஓடைகளில் விட்ட டிரவுட் மீனுக்கும் தூண்டில் உரிமம் வேண்டியிருந்தது.

அந்த விதிகளில் வரையாட்டைப் பற்றியது முக்கியமானது. பெட்டையைச் சுடக்கூடாது, முதுகில் வெளிறிய சேணம்போலப் பட்டை விழுந்த முதிர்ந்த கிடாயை மட்டும் சுடலாம். வேட்டைக்காரர் பாறைமேல் படுத்துக் காத்திருப்பார். மந்தை சரிவில் மேயும். குறிபார்க்கும் முன் முதுகைப் பார்த்தாக வேண்டும். வெள்ளைப் பட்டை இல்லையென்றால் விரலை எடுத்துவிட வேண்டும். அந்த ஒரு கட்டுப்பாடு ஒரு இனத்தின் தாய்வழியைக் காப்பாற்றியது. கறிக்கும் கொம்புக்கும் கண்டபடி சுடப்பட்டுச் சொற்பமாகிப்போன வரையாடு, நீலகிரியில் அடியோடு அழியாமல் தப்பியதில் அதற்குப் பெரிய பங்குண்டு.

இதைப் படித்துவிட்டு அந்தக் கால வேட்டைக்காரர்களைப் புகழ்ந்து தள்ள முடியாது. அவர்கள் காத்தது தங்கள் விளையாட்டை. அடுத்த கோடையிலும் சுட விலங்கு வேண்டும் என்பதுதான் அந்தக் கவலையின் வேர். செந்நாய் அவர்களுக்குப் போட்டி என்பதால் அதைக் கொல்ல ஊக்கம் தரப்பட்டது. தடம் பார்த்துச் சொன்ன குறும்பரும் இருளரும் கூலி வாங்கினார்கள். உரிமம் வாங்கியவர்கள் வேறு ஆட்கள். காட்டோடு பிறந்தவர் வயிற்றுக்கு ஒரு கேளையாடு பிடித்தால் அது குற்றம். கோட்டு போட்டவர் உரிமம் வாங்கிச் சுட்டால் அது விளையாட்டு. பொதுநிலம் என்ற பெயரில், யார் பொது, யார் அந்நியர் என்பதை அந்தச் சீட்டு தீர்மானித்தது.

ஜீப்பு வந்தது

உரிமமும் பருவத்தடையும் ஒரு கணக்கை நம்பி எழுதப்பட்டவை. மனிதன் நடந்துதான் காட்டுக்குள் போவான், பகலில்தான் போவான், ஒரு நாளில் இவ்வளவு தூரம்தான் போக முடியும் என்பது அந்தக் கணக்கு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அது பொய்த்துப்போனது. பட்டாளம் கழித்துவிட்ட ஜீப்புகள் இந்தியா முழுக்க மலிவாகக் கிடைத்தன. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி, கையில் பிடித்துத் திருப்பும் பெரிய விளக்கு, பயிர்க் காவலுக்கென்று வாங்கிய துப்பாக்கி. இந்த மூன்றும் சேர்ந்தபோது பல பத்தாண்டுகளாக நின்ற விதிகள் ஒரே இரவில் காகிதமாயின. விளக்கடித்தால் கண் கூசி நிற்கிற மானைச் சுட வேட்டைத் திறமை எதுவும் வேண்டியதில்லை. 1940-களின் கடைசியிலும் 1950-களிலும் நாட்டின் காடுகளில் விலங்குகள் சரிந்த வேகத்துக்கு இந்த ஜீப்புவேட்டை ஒரு முக்கியக் காரணம்.

வண்டியும் விலங்கும் பகையானது அப்போதுதான். அதுவரை வண்டி மலைக்கு வரும் வழி. 1899-இல் குன்னூர்வரை வந்த மலை ரயில், 1908-இல் ஊட்டியைத் தொட்டது. காட்டின் குறுக்கே ஒரு கோடு போட்டதோடு சரி. ஜீப்புக்குக் கோடு தேவைப்படவில்லை. அது நினைத்த இடத்துக்குப் போனது.

இதைச் சட்டம் நன்றாகவே புரிந்துகொண்டது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வந்தபோது, வேட்டையை முழுக்கத் தடுக்கவில்லை. பெரிய விலங்கு, சிறிய விலங்கு என்று பிரித்து உரிமம் கொடுக்க இடம் வைத்திருந்தது. ஆனால் அதே சட்டம், வண்டியில் இருந்துகொண்டு வேட்டையாடுவதைத் தனியாகப் பெயர்சொல்லித் தடைசெய்தது. உரிமம் கையில் இருந்தாலும் வண்டியை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும். 1991 திருத்தத்தில் வேட்டை உரிமம் என்பதே சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. புலியைப் பொறுத்தவரை 1970-லேயே கதவு சாத்தியாயிற்று.

நீலகிரியில் இந்த மாற்றம் மனிதர்கள் வழியாகவும் நடந்தது. வேட்டைச் சங்கம் பெயரை மாற்றிக்கொண்டு, நோக்கத்தையும் மாற்றிக்கொண்டு, இன்றைக்கும் கானுயிர்ச் சங்கமாக இயங்குகிறது. அதில் பொறுப்பு வகித்த ஈ. ஆர். சி. டேவிதார் தொழிலில் வழக்கறிஞர். ஒரு காலத்தில் துப்பாக்கி தூக்கியவர். பிறகு மலை மலையாக ஏறி வரையாட்டை எண்ணினார். 1975-இல் அவர் நடத்திய ஆய்வு வரையாட்டைப் பற்றிய முன்னோடி ஆய்வுகளில் ஒன்று. அவர் நினைவாகத்தான் தமிழக அரசு அக்டோபர் 7-ஐ வரையாடு தினமாக அறிவித்தது. தமிழ்நாட்டின் கணக்கெடுப்பில் 2024-இல் 1,031 வரையாடுகள்; 2025-இல் 1,303. உரிமம் வாங்கிச் சுட்ட விலங்கு, மாநில விலங்காக எண்ணப்படுகிறது. இந்தக் கதையில் மனதார மகிழ வேண்டிய இடம் இது.

வேலியில்லாத வாசல்

முதுமலை 1940-இல் சரணாலயமானது. 2007-இல் புலிகள் காப்பகமானது. அதன் உள்மண்டலம் 321 சதுர கிலோமீட்டர். துப்பாக்கியோடு நுழைவதை இன்று நினைத்துப் பார்க்கக்கூட முடியாது. வெறுங்கையோடு நுழையவும் 1972 சட்டப்படி அனுமதி வேண்டும். எதற்கெல்லாம் அனுமதி கொடுக்கலாம் என்று அச்சட்டமே பட்டியல் போடுகிறது: விலங்குகளைப் பற்றிய ஆய்வு, படமெடுத்தல், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே குடியிருப்பவரோடு சட்டப்படியான கொடுக்கல் வாங்கல். அந்தப் பட்டியலில் சுற்றுலா ஒன்றுக்குத்தான் கூட்டம் அலைமோதுகிறது.

2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் உள்மண்டலங்களில் சுற்றுலாவையே நிறுத்திவைத்தது. அக்டோபரில் தடை விலகியபோது கூடவே நெறிமுறைகளும் வந்தன. உள்மண்டலத்தில் அதிகபட்சம் 20 விழுக்காடு பரப்பில் மட்டுமே சுற்றுலா. முதுமலையில் தெப்பக்காட்டிலிருந்து கிளம்பும் வனத்துறை வண்டி, குறித்த தடத்தில், குறித்த நேரத்தில் போய்த் திரும்புகிறது. வண்டியை விட்டு இறங்கக்கூடாது. வேட்டைக் காலத்தில் இறங்காவிட்டால் குற்றம். இப்போது இறங்கினால் குற்றம். இரண்டு விதிகளும் காத்தது ஒரே விலங்கைத்தான்.

சிக்கல் என்னவென்றால், முதுமலைக்குள் போக அனுமதி வாங்காமலேயே ஒரு வழி இருக்கிறது. அது தேசிய நெடுஞ்சாலை. ஊட்டியிலிருந்து கூடலூர், தொரப்பள்ளி, தெப்பக்காடு, கக்கநல்லா வழியாகக் குண்டல்பேட்டைக்குப் போகும் சாலை காப்பகத்தை நடுவே பிளந்துகொண்டு போகிறது. பகலில் அந்தச் சாலையில் நின்று பார்த்தால் பொதுநிலம் என்ன பாடுபடுகிறது என்பது புரியும். மான் கூட்டம் ஓரத்தில் மேய்கிறது. ஒரு கார் நிற்கிறது. அதைப் பார்த்துப் பின்னால் நாலு கார் நிற்கின்றன. கண்ணாடி இறங்குகிறது, கைப்பேசி நீள்கிறது. பின்னிருக்கையில் இருந்து ஒரு பிஸ்கட் குரங்குக்குப் பறக்கிறது. மான் நிமிர்ந்து பார்க்கிறது, மேய்ச்சலை விடுகிறது, புதருக்குள் போய்விடுகிறது. யாரும் விதியை மீறியதாக நினைப்பதில்லை. ஆனால் அந்த விலங்கு அன்றைக்கு எத்தனை முறை அப்படித் தலையை நிமிர்த்தியிருக்கும்?

இரவில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. வேகமாக வந்த வண்டிகளில் அடிபட்டு விலங்குகள் செத்துக்கொண்டே இருந்தன. 2009 ஜூனில் கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்ட நிர்வாகம், முதுமலையை ஒட்டிய பந்திப்பூர் வழிச்சாலைகளில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்தைத் தடைசெய்தது. எதிர்ப்பு கிளம்பியது, உத்தரவு ஆட்டம் கண்டது, வழக்கு நடந்தது. 2010-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை உறுதிசெய்தது. அவசர ஊர்திகளுக்கும் ஒருசில பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு. சத்தியமங்கலம் காப்பகத்தில் திம்பம் மலைப்பாதையிலும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரியில் இரவுக் கட்டுப்பாடு வந்தது. சாலை மக்களுடையது, பகலில் வாருங்கள், இரவைக் காட்டுக்கு விட்டுவிடுங்கள் என்ற ஏற்பாடு இது. சட்டப் புத்தகத்தில் எழுதிய எந்த நல்ல சொல்லையும்விட, ஒன்பது மணிக்கு இறங்கும் அந்தத் தடுப்புக்கட்டை அதிக உயிர்களைக் காத்திருக்கும் என்று நம்புகிறேன்.

தடுப்புக்கட்டை இல்லாத இடங்களில் என்ன நடக்கும் என்பதற்கு மசினகுடிப் பக்கம் சாட்சி. யானைகள் வந்துபோகும் சீகூர் வழித்தடத்தில் தங்கும் விடுதிகள் முளைத்தன. இரவில் விளக்கடித்து விலங்கு காட்டும் ஜீப்புச் சவாரி ரகசியமாக நடந்தது. 1950-களின் அதே வண்டி, அதே விளக்கு. துப்பாக்கி மட்டும் இல்லை. வழித்தடத்தை அறிவித்த 2010-ஆம் ஆண்டின் அரசாணையை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்தது. மூன்று மாதம் கழித்து, 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு விடுதிக்கு அருகே வந்த யானையின்மேல் எரியும் டயரை வீசிய கொடுமை நடந்தது. காது வெந்து, அந்த யானை செத்துப்போனது.

இன்று: சக்கரத்துக்குச் சீட்டு

கோடை வந்தால் நீலகிரிக்கு நாளொன்றுக்குச் சுமார் 20,000 வண்டிகள் வருகின்றன என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. 2011 கணக்குப்படி ஏழேகால் லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள் வாழும் மலை மாவட்டம் அது. கொண்டை ஊசி வளைவுகளில் மணிக்கணக்கில் வண்டி நகராது. ஆம்புலன்சும் அதே வரிசையில்தான் நிற்கும். ஊட்டியில் உள்ளூர்க்காரருக்குக் குடிதண்ணீர் தட்டுப்பாடாகும் மாதங்களில்தான் விடுதிகள் நிரம்பி வழியும். மண்ணும் உறுதியானதல்ல: 2009 நவம்பர் மழையில் சரிந்த மலை 40-க்கும் மேற்பட்டவர்களை விழுங்கியது, 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது.

2024 ஏப்ரல் கடைசியில் உயர் நீதிமன்றம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறையைக் கொண்டுவரச் சொன்னது. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் தரப்பட்டது. மே 7-இல் முறை நடைமுறைக்கு வந்தது. வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்கப்போகிறீர்கள் என்று நிரப்பினால் கைப்பேசிக்குச் சீட்டு வந்துவிடும். உள்ளூர்க்காரருக்குப் பச்சை, விளைபொருள் ஏற்றும் வண்டிக்கு நீலம், சுற்றுலாவுக்கு ஊதா. கல்லாறு வழியோ கோத்தகிரிப் பாதையின் குஞ்சப்பனை வழியோ, சாவடியில் நிற்கும் பணியாளர் சீட்டிலுள்ள கியூ.ஆர். கட்டத்தைக் கருவியில் காட்டிப் பார்க்கிறார். கையோடு பின்னிருக்கையில் கிடக்கும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் வாங்கி வைத்துக்கொள்கிறார். பாட்டில் விஷயத்தில் அவர் 'கூடாது' என்று சொல்ல முடிந்தது. வண்டி விஷயத்தில் முதல் ஆண்டு அவரால் சொல்ல முடியவில்லை. கேட்டவர் அனைவருக்கும் சீட்டு கிடைத்தது. அதனால் எண்ணிக்கை தெரிந்தது, எண்ணிக்கை குறையவில்லை.

அடுத்த அடி 2025 மார்ச்சில்: உயர் நீதிமன்றம் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தது. ஏப்ரல் முதல் ஜூன் முடிய நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் இந்தக் கணக்கு கிடையாது. உள்ளூர் வண்டிக்கும் அவசர ஊர்திக்கும் விளைபொருளுக்கும் விலக்கு. வணிகர்கள் கொதித்தார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் மாவட்டம் முழுக்கக் கடையடைப்பு நடந்தது. வர்க்கி விற்பவரும் தைலம் விற்பவரும் டாக்ஸி ஓட்டுபவரும் ஆண்டு வருமானத்தை அந்தக் கோடை மாதங்களில்தான் பார்க்கிறார்கள். அவர்கள் கோபத்தை வெறும் லாபவெறி என்று தள்ளுவது அநியாயம். ஆனால் விடை வரம்பை எடுப்பதில் இல்லை. கார் கணக்கில் அடங்காத பேருந்தும் மலை ரயிலும் இருக்கின்றன. ஒரு பேருந்தில் ஏறி வரும் ஐம்பது பேர் வாங்குவது, பத்துக் காரில் வரும் ஐம்பது பேர் வாங்குவதற்குக் குறைந்ததல்ல. வரம்பு வண்டிக்கு, மனிதருக்கு அல்ல. மேட்டுப்பாளையத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கூடுதல் பேருந்தில் ஏறிவரச் சரியான ஏற்பாடு செய்தால், வரம்பும் நிற்கும், வியாபாரமும் நிற்கும்.

மாறியதும் மாறாததும்

மாறியது நிறைய. அன்று சீட்டு எத்தனை விலங்கைக் கொண்டுபோகலாம் என்று எழுதியது. இன்று ஒரு சருகைக்கூட எடுக்காமல் திரும்பச் சொல்கிறது. அன்று அதை வாங்கியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய துரைமார்களும் தோட்டக்காரர்களும். இன்று திருப்பூர்த் தொழிலாளியும் சென்னை ஆசிரியையும் ஒரே வரிசையில், ஒரே படிவத்தை நிரப்புகிறார்கள். பணம் எவ்வளவு இருந்தாலும் எண்ணிக்கை முடிந்துவிட்டால் முடிந்ததுதான். இந்தச் சமத்துவம் சாதாரணமானது அல்ல. வரம்பு வைக்காமல் கட்டணத்தை ஏற்றியிருந்தால், மலை மறுபடி பணக்காரர் பூங்காவாகியிருக்கும்.

மாறாதது ஒன்று. அங்கேயே வாழ்கிறவரின் குரல் இன்றும் கடைசியில்தான் கேட்கிறது. இரவில் மூடும் சாலையால் சரக்கு லாரிக்குச் சில மணி நேரம் போகிறது. காட்டு கிராமத்தில் வலியெடுத்த கர்ப்பிணிக்கு அதுவே உயிர்ப் பிரச்சினை. விதியில் விலக்கு எழுதியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் நள்ளிரவில் சாவடியில் வந்து நின்று, தான் நோயாளியைத்தான் கூட்டிப்போகிறேன் என்று நிரூபிக்க வேண்டியிருப்பது கொடுமை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டு மக்களின் கிராமசபைக்குக் காட்டைக் காக்கும் உரிமையைத் தந்தது. ஒரு நாளைக்கு எத்தனை வண்டி என்று முடிவாகும் மேசையில் அந்தக் கிராமசபைக்கு நாற்காலி போடப்பட வேண்டும். எந்தச் சோலையில் எந்த மாதம் யானை குட்டியோடு நிற்கும் என்று ஐ.ஐ.டி. கணக்குக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். நூறு ஆண்டுக்கு முன் அவர்களைத் தடம் பார்க்க மட்டும் கூப்பிட்டோம். இப்போதாவது முடிவெடுக்கக் கூப்பிட வேண்டும்.

மலைக்குப் போகிற நாமும் செய்ய வேண்டியது உண்டு. அந்தத் தேதிக்குச் சீட்டு தீர்ந்துவிட்டது என்று திரையில் வந்தால், வேறு தேதி பாருங்கள், பேருந்து பாருங்கள். தெரிந்தவர் மூலம் குறுக்கு வழி தேடாதீர்கள். பெட்டை வரையாட்டைச் சுடாமல் விரலை எடுத்த அந்நிய வேட்டைக்காரனால் ஒரு இனம் மிச்சமிருக்கிறது. ஒரு சனிக்கிழமை வண்டியை வீட்டில் நிறுத்துவது அதைவிடக் கடினமான காரியம் அல்ல. அரசு வரம்பைக் கோடைக்கு மட்டுமான தற்காலிக ஏற்பாடாக வைத்துக்கொள்ளாமல், மலையின் தாங்குதிறனை அறிவியல்படி கண்டு, ஆண்டு முழுவதற்கும் நிலையாக அறிவிக்க வேண்டும். பொதுநிலம் எல்லோருக்கும் உரியது என்றால், இன்னும் பிறக்காதவர்களுக்கும் உரியது. அவர்களுக்காக இன்று 'இடமில்லை' என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை மட்டும் அல்ல. அரசின் வேலை, நம் வேலை.